ஓடுற பெல்ட்டை எதுக்கு மாத்தணும்?

04.06.2023, மாலை 6:40 (கேள்வி)

போன மாசம் ஒரு 2010 இன்னோவா எடுத்தேன். 2.5 டீசல், நான் மூணாவது ஓனர். மீட்டர்ல 1,38,600 கி.மீ. காட்டுது. வித்தவர் "டைமிங் பெல்ட் போன வருஷம்தான் மாத்தினேன்"னு சொன்னார், பில் எதுவும் இல்லை. எங்க ஊர் மெக்கானிக் மேல் கவரை லேசா விலக்கி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "வெடிப்பு எதுவும் இல்ல சார், இன்னும் அம்பதாயிரம் ஓடும்"ங்கிறார். மீட்டர்ல டைமிங் பெல்ட் மாத்தச் சொல்ற டி-பெல்ட் விளக்கும் எரியலை. டயர் நாலும் வேற மாத்த வேண்டியிருக்கு. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பெல்ட்டைக் கழட்டிப் போட்டு எதுக்குக் காசைக் கரியாக்கணும்? அறுந்தா அப்பப் பார்த்துக்கலாம்னு எனக்குத் தோணுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

04.06.2023, இரவு 10:15 (பதில்)

டயர் ரெண்டு மாசம் பொறுக்கும். பெல்ட் பொறுக்காது. முதல்ல அதை மாத்துங்க.

ஃபேன் பெல்ட் மாதிரி "அறுந்தா அப்பப் பார்த்துக்கலாம்" ரகம் இல்லை இது. ஃபேன் பெல்ட் அறுந்தா சார்ஜ் ஏறாது, சூடாகும், ஓரங்கட்டி நிறுத்திடலாம். டைமிங் பெல்ட் அறுந்தா வால்வுகளைத் திறந்து மூடுற கேம் ஷாஃப்ட் நின்னுடும், கீழே பிஸ்டன் மட்டும் வந்த வேகத்துல மேல வந்துக்கிட்டே இருக்கும். திறந்தபடி நிக்கிற வால்வு தலையில போய் இடிக்கும். டீசல்ல கம்ப்ரெஷன் அதிகம், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்க இடமே கிடையாது. தப்பிக்க வழியில்லை.

எனக்கு ஆச்சு. 2017-ல. நாளைக்கு எழுதுறேன், இப்ப தூக்கம் வருது.

05.06.2023, காலை 5:50

தூங்கலை. பழசையெல்லாம் கிளறிட்டீங்க.

வண்டி ஒரு சின்ன டீசல் ஹேட்ச்பேக். கம்பெனி பேர் வேண்டாம், தப்பு அவங்க மேல இல்லை. 2008-ல எடுத்தது, 2017-ல 72,000 கி.மீ.தான் ஓடியிருந்துச்சு. கையேட்டுல பெல்ட்டுக்கு கி.மீ. ஒரு வரி, வருஷம் ஒரு வரி போட்டு, எது முதல்ல வருதோ அதுன்னு இருந்துச்சு. நான் கி.மீ. வரியை மட்டும்தான் படிச்சிருக்கேன். அதுக்கு இன்னும் தூரம் இருக்குன்னு நிம்மதியா இருந்தேன். வருஷக் கணக்கு எப்பவோ தாண்டிடுச்சு.

திருச்சியில ஒரு நிச்சயதார்த்தம் முடிச்சுட்டு மதுரை வழியா வந்துக்கிட்டிருந்தோம். துவரங்குறிச்சி தாண்டி, ராத்திரி ஒம்பதரை இருக்கும். தொண்ணூறுல போகுது. ஈரத்துணியை உதறின மாதிரி "டப்"புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் இல்லை. ஸ்டியரிங் கனத்துப் போச்சு, பிரேக் கட்டையாச்சு. ஓரங்கட்டினேன். புது பேட்டரி போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு, அதனால பேட்டரி டெர்மினல் கழண்டிருக்கும்னு பானெட்டைத் திறந்து ஆட்டிப் பார்த்தேன். டெர்மினல் கெட்டியா இருந்துச்சு. மறுபடி கீ போட்டா ஸ்டார்ட்டர் "விர்ர்ர்"னு சுத்துது. வழக்கத்தைவிட லேசா, வேகமா. கம்ப்ரெஷன் இல்லாம சுத்துற சத்தம் அது. நூல் மில்லுல மெஷின் பார்க்கிற எனக்கு அந்தச் சத்தம் புரிஞ்சிருக்கணும். புரியாம இன்னும் மூணு தடவை அடிச்சேன்.

மதுரையில எஞ்சின் மேல்பாகமான ஹெட்டை இறக்கினாங்க. எட்டு வால்வுல ஆறு வளைஞ்சிருந்துச்சு. வால்வு போய் வர்ற கைடு ரெண்டு வேற போச்சு. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, வால்வு கிரைண்டிங் பண்ணி, புது கேஸ்கெட், புது பெல்ட் செட்டு. 19 நாள், ரூ. 46,500. மேஸ்திரி நல்ல மனுஷன், டாக்டர் மாதிரி விசாரிச்சார். கடைசியா எப்ப பெல்ட் மாத்தினது, ஆயில் எங்கயாவது ஒழுகுச்சா, தள்ளி ஸ்டார்ட் பண்ணீங்களா, தண்ணியில இறங்குச்சா. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். "ஒம்பது வருஷம் ஆச்சுல்ல சார், அதான்"னு முடிச்சுட்டார். அன்னிக்கு பெல்ட் செட்டு மட்டும் மாத்தியிருந்தா கூலியோட சேர்த்து ஏழாயிரத்துல முடிஞ்சிருக்கும்.

இதுல வெட்கம் என்னன்னா, நான் 26 வருஷமா நூல் மில்லுல மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். கார்டிங், ரிங் ஃபிரேம் மெஷின்கள்ல இதே மாதிரி பல் பெல்ட்டுகளை மணிக்கணக்கு வெச்சு, அறுந்து போறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லி கையெழுத்துப் போடுறது என் வேலை. சொந்த வண்டிக்கு அந்தக் கையெழுத்தைப் போட ஆளில்லை.

05.06.2023, பகல் 1:05

ஒருத்தர் கேட்டிருக்கார்: "டைமிங்"னா என்ன டைமிங்?

கிராங்க், அதாவது பிஸ்டன் சுத்தி விடுற தண்டு, ஒரு சுத்து சுத்தினா கேம் ரெண்டு சுத்து சுத்தணும். அந்தக் கணக்கு தவறாம பார்த்துக்கிறதுதான் பெல்ட்டோட வேலை.

05.06.2023, பகல் 1:40

தலைகீழாச் சொல்லிட்டேன். கிராங்க் ரெண்டு, கேம் ஒண்ணு. சோத்துக் கையோட போன்ல அடிச்சது. திருத்தினவருக்கு நன்றி, "26 வருஷ அனுபவம்"னு குத்திக்காட்டினவருக்கும் நன்றி.

06.06.2023, இரவு 9:20

விளக்கு எரியலைன்னு திரும்பவும் எழுதியிருக்கீங்க. அந்த விளக்கு பெல்ட்டைப் பார்க்கிறதே இல்லை. அதுக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு ஒயர்கூடக் கிடையாது. மீட்டருக்குள்ள இருக்கிற வெறும் கி.மீ. எண்ணி அது. வெச்ச அளவு வந்தா எரியும். பெல்ட் மாத்தினவங்க டிரிப் பட்டனை அமுக்கிப் பிடிச்சு கீ போட்டு அதைப் பூஜ்யமாக்கணும். பெல்ட் மாத்தாதவங்களும் அதே பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கலாம். காலண்டர் தேதியைக் கிழிச்சுட்டா நாள் போயிடுச்சுன்னு அர்த்தமா?

கீ போட்டதும் மத்த எச்சரிக்கை விளக்கெல்லாம் சில நொடி எரியுமே, அப்ப இதுவும் எரியுதான்னு பாருங்க. எங்க பக்கத்துல ஒரு வண்டியில மீட்டரைக் கழட்டி அந்த இடத்துல மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தாங்க. "தொந்தரவா இருந்துச்சு"ன்னாராம் ஓனர்.

இன்னொண்ணு. பெல்ட்டோட சேர்த்து வாட்டர் பம்ப்பையும் மாத்திடுங்க. ஒரே கூலி.

07.06.2023, காலை 7:30

மேல கடைசி வரியை அடிச்சுக்கோங்க.

மச்சினன் பழனியில டிராவல்ஸ் வெச்சிருக்கான், மூணு இன்னோவா. இதைப் படிச்சுட்டு விடிகாலையில போன்:

"மாமா, இன்னோவா பெல்ட்டுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் சம்பந்தமே கிடையாது. ஏன் ஊராருக்கு வெட்டிச் செலவு வைக்கிறீங்க?"

அவன் சொன்னது சரி. இன்னோவா 2.5-ல கிராங்குல இருந்து டீசல் பம்பு வரைக்கும் கியர். அந்தப் பம்பு புல்லியில இருந்து மேல கேம் புல்லி வரைக்கும்தான் பெல்ட். சின்னதா, குட்டையா. நடுவுல பெல்ட்டுக்கு வழிகாட்டுற ஒரு ஐட்லர் உருளை, இறுக்கிப் பிடிக்கிற ஒரு ஹைட்ராலிக் டென்ஷனர். வாட்டர் பம்ப் வெளியில ஃபேன் பக்கம் தனியா ஓடுது. நான் என் பழைய ஹேட்ச்பேக் கணக்கை உங்க வண்டிக்குப் போட்டுட்டேன். அதுல வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்லதான் ஓடும், பம்ப் ஜாம் ஆனா பெல்ட்டும் சேர்ந்து போகும். டஸ்டர் டீசல், போலோ டீசல் வெச்சிருக்கிறவங்களுக்கு என் பழைய வரி பொருந்தும். அவங்க பம்ப்பையும் சேர்த்தே மாத்துங்க. இன்னோவாக்காரர் பெல்ட், ஐட்லர், டென்ஷனர் மூணோட நிறுத்திக்கலாம்.

"ஐட்லர் நல்லாத்தானே சுத்துது, பெல்ட் மட்டும் போடலாமா?"ன்னு அடுத்த கேள்வி வரும். வேண்டாம். பேரிங் பிடிச்சா புது பெல்ட்டையும் சேர்த்துத் தின்னுடும்.

07.06.2023, காலை 7:45

மச்சினன் இன்னோவா மூணும் 1 லட்சத்துக்கு ஒரு தடவை மாத்துறான். அவன் வண்டியில விளக்கும் அதுலதான் எரியுது. வேற நாட்டுல வித்த இதே குடும்பத்து எஞ்சின்கள்ல 1,50,000 வெச்சிருக்காங்க. உங்க கையேட்டுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. கையேடு இல்லைன்னா சின்ன எண்ணை எடுத்துக்கோங்க.

09.06.2023, இரவு 10:50

"கண்ணுக்கு நல்லா இருக்கு, வெடிப்பு இல்லை." இதுக்கு கொஞ்சம் நீளமா எழுதணும்.

பெல்ட்டோட பலம் ரப்பர்ல இல்லை. உள்ளே ஓடுற கண்ணாடி இழை நூல்லதான் இருக்கு. ரப்பர் அந்த நூலைப் பிடிச்சு வெச்சிருக்கும், பல்லு மேல நைலான் துணி தேய்மானத்தைத் தாங்கும். பழைய காலத்து ரப்பர் வயசானா முதுகுல கோடு கோடா வெடிக்கும், பார்த்தாலே தெரியும். இப்ப வர்ற ரப்பர் சூட்டையும் எண்ணெயையும் நல்லாத் தாங்கும், வெடிப்பு அவ்வளவு சீக்கிரம் காட்டாது. தலைமுடிக்கு மை போட்ட ஆள் மாதிரி. உள்ளே நூல் ஒண்ணொண்ணா அறுந்துக்கிட்டிருந்தாலும் வெளியில பளபளன்னு இருக்கும். மில்லுல கோன்ல சுத்தின நூலை வெளிப்பக்கம் பார்த்துட்டு உள்ளே எத்தனை முடிச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா?

அதனால பார்க்கிறதே வீண்னு சொல்ல வரலை. பார்த்து "இப்பவே மாத்து"ன்னு சொல்லலாம், "மாத்த வேண்டாம்"னு சொல்ல முடியாது. பல்லு அடியில கோடு, ஓரத்துல பிசிறு, முதுகு கண்ணாடி மாதிரி வழவழப்பு, ஆயில் நனைச்ச கறை, ரப்பர் தூள். இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே மாத்திடணும். ஆயில் கறை இருந்தா பெல்ட் மட்டும் போதாது, ஆயிலைத் தடுக்கிற கேம் சீலோ கிராங்க் சீலோ ஒழுகுது, அதையும் சேர்த்துப் பார்க்கணும். எதுவுமே இல்லைன்னா உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்கலைன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

உங்க மெக்கானிக் டார்ச் அடிச்சுப் பார்த்தது பெல்ட்டோட வெளி முதுகுல ஒரு சாண் நீளம். பல்லு உள்பக்கம் இருக்கு.

10.06.2023, மாலை 5:10

நீங்க எடுத்தது முன்னாடி மஞ்சள் போர்டா? ஆர்சியில பாருங்க, டாக்ஸியா இருந்து சொந்த உபயோகத்துக்கு மாத்தியிருந்தா தெரியும்.

ஏன் கேக்கிறேன்னா, மச்சினன் வண்டி பழனி அடிவாரத்துல நிக்கும். பக்தர் படியேறி சாமி கும்பிட்டு இறங்கி வர மூணு மணி நேரம். டிரைவர் ஏசி போட்டு உள்ளே தூங்குவான். மீட்டர் நகராது, எஞ்சின் சுத்திக்கிட்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐட்லிங்ல நிமிஷத்துக்கு 800 சுத்து, ஒரு மணிக்கு 48,000. ரோட்டுல அஞ்சாவது கியர்ல எண்பதுல போனா சுமாரா 2,000 சுத்து, மணிக்கு 1,20,000, அதை எண்பதால வகுத்தா கிலோமீட்டருக்கு 1,500. அப்ப ஒரு மணி நேரம் நின்னா 32 கி.மீ. ஓடின மாதிரி. மூணு மணி நேரம் நின்னா கிட்டத்தட்ட நூறு. வருஷத்துல 200 நாள் இப்படி நின்னா மீட்டர்ல வராத இருபதாயிரம் கிலோமீட்டர் பெல்ட் கணக்குல ஏறியிருக்கும்.

கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற வண்டி, வேளாங்கண்ணி பார்க்கிங்ல நிக்கிற வண்டி, எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

10.06.2023, இரவு 8:00

மச்சினன்: "ஏசி போட்டா ஐட்லிங் ஏறும் மாமா, எண்ணூறுல நிக்காது." சரி, 950-னு வெச்சா மணிக்கு 38 கி.மீ. ஆச்சு.

வேற ஒருத்தர், "நின்னு ஓடும்போது லோடு இல்லையே, ரெண்டும் ஒண்ணாகுமா"ன்னு கேட்டது நியாயமான கேள்வி. ஒண்ணாகாது. வெறும் சுத்துக் கணக்கு அது. ஆனா நிக்கிற வண்டிக்கு எதிர்க்காத்து இல்லை, பானெட்டுக்குள்ள சித்திரை வெயில். ரப்பருக்கு அதுவும் ஒரு லோடுதான். கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம்.

13.06.2023, இரவு 9:45

"செயின் வண்டியா வாங்கியிருந்தா இந்தத் தலைவலியே இல்லை"ன்னு மூணு பேர் எழுதிட்டீங்க.

எங்க அப்பா கடைசி வரைக்கும் அம்பாசடர்தான் ஓட்டினார். அதுல பெல்ட்டுக்குப் பதிலா செயின். அவர்கிட்ட போய் டைமிங் பெல்ட்னு சொன்னா இடுப்புல கட்டுறதான்னு கேப்பார். 2016-ல கிரிஸ்டான்னு புது மாடல் வந்தப்ப இன்னோவா டீசலும் செயினுக்குப் போயிடுச்சு. ஆனா செயினுக்கு சாவே இல்லைன்னு யார் சொன்னது? அது எஞ்சின் ஆயில்ல ஊறிக்கிட்டே ஓடுது. பத்தாயிரத்துல மாத்த வேண்டிய ஆயிலை இருபதாயிரம் இழுத்தா செயின் இணைப்புல இருக்கிற ஆணிங்க தேய்ஞ்சு செயின் நீளும், அதைத் தாங்குற கைடு உடையும். ஒரே ஒரு நல்ல குணம், போறதுக்கு முன்னாடி காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு கத்தும். பெல்ட் கத்தாது.

பெல்ட்டை ஏன் கொண்டு வந்தாங்கன்னா சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயில் வேண்டாம், விலை குறைவு. வரிசையா தயாரிச்சு வித்த காருல முதல்ல போட்டது ஜெர்மனியில கிளாஸ்னு ஒரு சின்னக் கம்பெனி, 1962-ல. பல் பெல்ட்டையே கண்டுபிடிச்சது காருக்காக இல்லை, தையல் மெஷினுக்காக. 1940-கள்ல சிங்கர் மெஷின்ல ஊசியும் கீழே பாபின் பக்கமும் ஒரே கணக்குல சுத்தணும்னு அமெரிக்காவுல பண்ணினது.

இதை வீட்டுல சொன்னேன். மனைவி தையல் தெரிஞ்சவங்க. "டைமிங் தப்பினா ஊசி கொக்கியில இடிச்சு ஒடிஞ்சிடும், அதானே உங்க வண்டிக்கும் ஆச்சு?"ன்னாங்க. நான் பத்து நாளா இங்க எழுதிக்கிட்டிருக்கிறதை ஒரே வரியில முடிச்சுட்டாங்க. ஊசி விலை எவ்வளவுன்னு கேட்டேன், பதில் வரலை.

14.06.2023, காலை 6:15

ஸ்கூட்டர் பெல்ட்டைப் பத்திக் கேட்டவருக்கு: அது வேற. சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற பெல்ட். அறுந்தா தள்ளிக்கிட்டு போகலாம், வால்வு வளையாது. கால்தான் வலிக்கும்.

18.06.2023, இரவு 11:30

கேள்வி கேட்டவர் எனக்குத் தனியா ஒரு படம் அனுப்பியிருக்கார், இங்க எழுத அனுமதி வாங்கிட்டேன்.

ஒருவழியா மனசு மாறி நேத்து பெல்ட் மாத்தக் கொண்டு போயிருக்கார். கவரை முழுசாக் கழட்டினதும் உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் பேனாவுல முந்தின மெக்கானிக் எழுதி வெச்சது பளிச்சுன்னு இருக்கு:

டி/பி 1,92,400. 8/17.

2017 ஆகஸ்ட்ல ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரம் ஓடின வண்டி, 2023 ஜூன்ல ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் காட்டுது. ஆறு வருஷமா ரிவர்ஸ்லயே ஓட்டியிருக்காங்க போல.

"போன வருஷம்தான் மாத்தினேன்"ங்கிறதும் அதோட போச்சு. பெல்ட் கிட்டத்தட்ட ஆறு வருஷப் பழசு, எத்தனை கி.மீ. ஆச்சுன்னு கடவுளுக்கும் அந்த மீட்டரைக் குறைச்சவனுக்கும்தான் தெரியும்.

நான் சிரிச்சுட்டேன், மன்னிக்கணும். அவர் சிரிக்கிற நிலைமையில இல்லை.

19.06.2023, காலை 7:00

நேத்து கிண்டலா எழுதினது தப்பு, அவர் காசு போயிருக்கு. உருப்படியா ரெண்டு விஷயம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போறவங்க அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் கொடுத்து பழைய சர்வீஸ் விவரம் கேளுங்க. வெளியில பார்த்த வேலை அதுல வராதுதான். ஆனா எந்தத் தேதியில எத்தனை கி.மீ.னு நாலு வரி கிடைச்சாலே மீட்டர் குட்டு உடைஞ்சிடும். ஓனரையும் கூட வெச்சுக்கிட்டுப் போங்க, தனியாப் போனா சில இடத்துல தர மாட்டாங்க. ஓனர் வர மறுத்தா அதுவும் ஒரு பதில்தான்.

பில் இல்லாத பெல்ட் மாத்தாத பெல்ட். வித்தவர் நல்லவராவே இருக்கட்டும், அவருக்கு வித்தவர் யாரு?

19.06.2023, இரவு 9:30

வேலை முடிஞ்சதாம். பெல்ட், ஐட்லர், ஹைட்ராலிக் டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துக்குள்ள. ரெண்டரை மணி நேரம்.

கூடவே நின்னு பார்க்கச் சொன்னேன், பார்த்திருக்கார். இந்த எஞ்சின்ல கிராங்க் புல்லியைக் கழட்டவே வேண்டாம், ஃபேன் கவரை எடுத்துட்டு மேல் கவரைக் கழட்டினா பெல்ட் முழுசும் தெரியும். கேம் புல்லி, பம்பு புல்லி ரெண்டுலயும் குறி இருக்கு, அதை நேராக்கி நிறுத்தணும். டென்ஷனரோட தண்டை வைஸ்ல வெச்சு மெதுவா அமுக்கி, ஓட்டையில சின்ன ஆலன் கீ சொருகிப் பூட்டிட்டு மாட்டணும். சுத்தியலால தட்டி உள்ளே தள்ளுறவங்க இருக்காங்க, அப்படிப் பண்ணினா டென்ஷனர் அன்னிக்கே கெட்டுடும். பெல்ட் போட்டு, ஆலன் கீயை உருவி, அப்புறம் முக்கியமான கட்டம்: ஸ்பானர் போட்டு கையால கிராங்கை ரெண்டு முழு சுத்து சுத்தி, குறி திரும்ப அதே இடத்துல வந்து உக்காருதான்னு பார்க்கணும். பல் தள்ளியிருந்தா குறி சேராது, வால்வு இடிச்சா கை தடுக்கும்போதே நிறுத்திடலாம். ஸ்டார்ட்டரை அடிச்சுத் தெரிஞ்சுக்கப் போனா செலவு வேற. அவர் மெக்கானிக் ஒரு சுத்தோட நிறுத்தப் பார்த்தாராம், "இன்னொரு சுத்து அண்ணே"ன்னு சொல்லியிருக்கார். சபாஷ்.

இப்ப அவர் கேக்கிற கேள்வி: கவர்ல என்ன கி.மீ. எழுதுறது, பொய் மீட்டர்ல இருக்கிறதா, உண்மைன்னு நினைக்கிறதா?

மீட்டர்ல இருக்கிறதையே எழுதுங்க, பக்கத்துல தேதி. பழைய எழுத்தை அழிக்காம விடுங்க.

25.06.2023, மதியம் 3:20

பழைய பெல்ட்டைப் படம் போடச் சொல்லி ஒருத்தர் கேட்டிருந்தார். 2017-ல மேஸ்திரி கவர்ல சுத்திக் கொடுத்தது, பரண்ல கிடந்துச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஏறி எடுத்தேன்.

ஆறு வருஷமா எல்லார்கிட்டயும் "பெல்ட் அறுந்துடுச்சு"ன்னுதான் சொல்லிக்கிட்டு வர்றேன். மேலே இந்தக் கேள்வி-பதில் இழையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன். கையில எடுத்துப் பார்த்தா பெல்ட் அறுந்து போகவே இல்லை. முழு வளையமா இருக்கு. ஒரு இடத்துல வரிசையா பதினோரு பல்லு மழிச்செடுத்த மாதிரி போயிருக்கு. நூல் தெரியுது, நூல் ஒண்ணுகூட அறுந்து போகலை. மத்த பல்லுங்க அடியிலயும் மயிரிழை மாதிரி கோடு. அதுவும் நடு வளைவுல மடிச்சுப் பார்த்தாத்தான் தெரியுது.

பல்லு போறது வேற, பெல்ட் அறுந்து போறது வேற. மில்லுல இதுக்குத் தனித்தனியா காரணம் எழுதுவோம். நூல் அறுந்தா வயசு, அல்லது யாராவது மாட்டும்போது மடக்கி முறிச்சது. பல்லு வரிசையா போனா ஏதோ ஒண்ணு திடீர்னு பிடிச்சு இழுத்திருக்கு, இல்லைன்னா டென்ஷன் குறைஞ்சு பல்லு ஏறி இறங்கியிருக்கு.

வாட்டர் பம்ப் ஜாம் ஆகியிருக்கும்னு நினைச்சேன். பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "வா. பம்ப் நல்ல நிலை, வாடிக்கையாளர் விருப்பப்படி மாற்றம்"னு மேஸ்திரி கையெழுத்து.

25.06.2023, இரவு 10:10

ஐட்லர் பேரிங்? அதே கவர்ல அதுவும் இருக்கு. விரல் விட்டுச் சுத்தினேன். கொஞ்சம் கரகரப்பு, ஆனா சுத்துது. பிடிக்கலை.

26.06.2023, காலை 5:30

பேட்டரி.

நாலு நாள் முன்னாடி புது பேட்டரி போட்டேன்னு இந்த இழையில நானே எழுதியிருக்கேன். பழசு எப்படிச் செத்துச்சுன்னு எழுதலை. வீட்டு வாசல்ல காலையில கிளிக்னு ஒரு சத்தத்தோட நின்னுடுச்சு. அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், அவனும் அவன் சிநேகிதன் ரெண்டு பேரும் தள்ளினாங்க. செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்சை விட்டேன், குலுங்கிப் பிடிச்சுக்கிச்சு. பேட்டரி கடைக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன்.

பெல்ட் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு கையேட்டுல போட்டிருந்துச்சு. வருஷக் கணக்கு வரி மாதிரி அதையும் தாண்டிப் போனவன்தான் நான். நின்ன எஞ்சினை சக்கரம் ஒரேயடியா வெடுக்குன்னு இழுக்கும்போது அந்த அதிர்ச்சி முழுசும் நாலஞ்சு பல்லு மேலதான் விழும். ஒம்பது வருஷம் காய்ஞ்ச பல்லு. அன்னிக்கு விரிசல் விட்டு, நாலு நாள் கழிச்சு துவரங்குறிச்சியில உதிர்ந்திருக்கும். வயசும் இருந்துச்சு, அடியும் விழுந்துச்சு.

இதனால மாத்த வேண்டியதில்லைன்னு யாரும் எடுத்துக்காதீங்க. புது பெல்ட்டா இருந்தா அந்த அடியைத் தாங்கியிருக்கும்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா "72,000-ல தானா அறுந்துச்சு"ன்னு ஆறு வருஷமா நான் ஊருக்குச் சொன்ன கதை தப்பு.

02.07.2023, இரவு 9:00

அக்கா பையன் இப்ப ஓசூர்ல வேலையில இருக்கான். நேத்து போன் பண்ணிக் கேட்டேன், ஞாபகம் இருக்கான்னு.

"நல்லா இருக்கு மாமா. செகண்ட் கியர்ல பிடிச்சது ரெண்டாவது தடவை. முதல் தடவை வாசல் சரிவுல வண்டி பின்னாடி உருண்டுச்சுல்ல, நீங்க அப்படியே ஃபர்ஸ்ட் போட்டு கிளட்ச்சை விட்டீங்க. தூக்கிப் போட்டுச்சு. நான்கூட 'மாமா, முன்னாடி தள்றோம், இருங்க'ன்னேன்."

பின்னாடி உருளும்போது முன் கியர். எஞ்சினைத் தலைகீழாச் சுத்தியிருக்கேன். பெல்ட்டுல இறுக்கமா இருக்க வேண்டிய பக்கம் தொய்ஞ்சு, டென்ஷனர் இருக்கிற தொய்வுப் பக்கம் மொத்த இழுவையையும் வாங்கியிருக்கும். பல்லு ஏறிக் குதிக்க அதைவிட வேற வழியே வேண்டாம்.

"அந்த மெக்கானிக்கிட்ட சொன்னீங்களா மாமா?"ன்னு கேட்டான்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணீங்களான்னு மேஸ்திரி கேட்டார்னு மேலே 05.06 தேதியில எழுதியிருக்கேன், எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்னும் எழுதியிருக்கேன். சொன்னேன். "இல்லை"ன்னு. அப்ப நடந்து ஒரு வாரம்கூட ஆகலை, மறக்கலை. மில்லுல என்ன வேலைன்னு அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் அவர்கிட்ட பெருமையாச் சொல்லியிருந்தேன்.